தரையில் ஓர் எலுமிச்சம்பழம்

"பொண்ணு ஏன் உக்கார மாட்டேங்குது?"

மாப்பிள்ளையின் அத்தை வெங்கடலட்சுமி இப்படிக் கேட்டதும் பெண்ணின் அப்பா பாலசுந்தரத்துக்கு வேர்த்துவிட்டது.

"பெரியவங்க எதிர்ல உக்காராதும்மா. அப்படியே வளந்துடுச்சி."

நைனா சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டு தாட்சாயணி பல்லைக் கடித்து நின்றாள். கிணற்றுப் படியில் விழுந்ததிலிருந்து அவளுக்கு இடுப்பு வளையாது. பாயில் உட்காரவும் முடியாது, குனியவும் முடியாது. முதலிலேயே சொல்லிவிடலாம் என்றாள். அவர்தான் கெஞ்சிக் கூத்தாடி வாயைக் கட்டியிருந்தார்.

அத்தை விடுவதாக இல்லை.

"இந்த வருசந்தான் எங்க திருத்தணி மெட்ராஸோட போச்சு. உங்க கார்வேட்டிநகரம் ஆந்திராவுலயே நின்னுபோச்சு. ராஜ்யம் தாண்டிப் பொண்ணு எடுக்கறோம், நல்லா பாத்துத்தான் எடுக்கணும்."

தாம்பாளத்திலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றைத் தரையில் உருட்டிவிட்டாள். "அத எடும்மா, பாக்கலாம்."

"சும்மா எடுத்தா என்னா இருக்குது அத்தை?"

குறுக்கே வந்தவன் மாப்பிள்ளை நாகேந்திரன். திருப்பதி காலேஜில் சயின்ஸ் வாத்தியார்.

"செவுத்துல குதிகாலை ஒட்டி நிக்கட்டும். முட்டி மடங்கக் கூடாது, கால் நகரக் கூடாது. அப்படியே எடுக்கட்டும்."

பழத்தைச் சுவருக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி வைத்தான்.

அத்தைக்கு மேல் இருக்கிறானே இவன்! தாட்சாயணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போய்ச் சுவரோடு நின்றாள். தலையை முன்னால் நீட்டியதுமே தடுமாறி இரண்டடி வந்துவிட்டாள்.

"பாத்தியா? ஏதோ கோளாறு கீது!"

"இப்ப நீங்க எடுங்க அத்தை."

அத்தை புடவையைச் செருகிக்கொண்டு போனாள். குனிந்தாள். குப்புற விழ இருந்தவளை அவள் புருஷன் ரங்கையா தாங்கிப் பிடித்தார். ரங்கையாவும் ஒரு கை பார்த்தார். அவரும் தடுமாறினார். கூடமே சிரித்தது.

"குனியறப்ப நம்ம இடுப்பு பின்னால போவணும். அப்பத்தான் உடம்பு எடை பாதத்து மேலயே நிக்கும். செவுரு பின்னால போவ வுடாது. எடை கால் விரலைத் தாண்டிடும், ஆளு விழுந்துடுவான்" என்றான் நாகேந்திரன். "யாராலயும் முடியாது."

பாலசுந்தரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேசாதே என்று மகளுக்குக் கண்ணைக் காட்டினார்.

தாட்சாயணி பேசினாள்.

"செவுரு இல்லாட்டியும் என்னால முடியாதுங்க. அடிபட்டு எனக்கு இடுப்பு வளையாது. எங்க நைனா பயந்துக்கினு சொல்லல. இது தெரியாம யாரும் என்னைக் கட்டிக்க வேணாம்."

பாலசுந்தரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"எழுந்திருடா! நம்மள ஏமாத்தப் பாத்தாங்க" என்று அத்தை கிளம்பிவிட்டாள்.

நாகேந்திரன் எழுந்திருக்கவில்லை. தாட்சாயணியை நேராகப் பார்த்தான்.

"எனக்குத் தெரியுங்க. புத்தூர் பஸ் ஸ்டாண்டுல கீழ விழுந்த பையை, யாரையும் கூப்பிடாம, குடைக் கைப்பிடியில மாட்டித் தூக்கினீங்க. அன்னிக்கே உங்க வீட்டை விசாரிச்சு, 'பொண்ணு கேக்கப் போவலாம்'னு எங்கம்மாகிட்ட சொன்னது நான்தான்."