இடது கால்

சத்தம் வெளியே போகாமலிருக்க ஜன்னலில் சாத்திய மெத்தையின் ஓரமாக நுழையும் வெயில், பெரிய டிரம்மின் இரட்டைப் பெடல்கள் மேல் விழுகிறது. டிரம்மர் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறான். தாளக் கணக்கு காட்டும் மெட்ரோனோம் டிக் டிக்கென்று விரட்டுகிறது. வலது கால் குதிகாலைத் தூக்கி, கணுக்காலை மட்டும் அசைத்து, தையல் மெஷின் ஊசி போல ஓடுகிறது. இடது கால் தாளத்தில் எட்டு அடி கூடவே வந்துவிட்டுப் பின்தங்குகிறது. பெடல் ஸ்பிரிங்கை இன்னும் ஒரு சுற்று முறுக்குகிறான். கால்தான் இன்னும் இறுகுகிறது. “தொடையால மிதிக்கிறடா. கணுக்கால லூசா விடு,” என்கிறாள் குழுவில் பாடும் அக்கா. “விட்டா நின்னுடுதுக்கா. நான் என்னதான் பண்ண?” மறுபடி ஆரம்பிக்கிறான். மறுபடி அதே எட்டு அடி. அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் மைக் வயரைச் சுற்றுகிறாள். “நாளைக்கு ரெக்கார்டிங்குக்கு வேற ஆள வரச் சொல்லிட்டோம்டா. கோச்சுக்காத.” அவன் குச்சிகளை மடியில் வைக்கிறான். “சரிக்கா.” கால்களைப் பெடலிலிருந்து இறக்கித் தரையில் ஊன்றுகிறான். மெட்ரோனோமை யாரும் நிறுத்தவில்லை. இடது கால் தானாக நடுங்க ஆரம்பிக்கிறது. குதிகால் தூக்கி, கணுக்கால் மட்டும் அசைய, டிக்குக்கு இரண்டடியாக, ஒன்றுகூடத் தவறாமல். இரண்டு கைகளாலும் முழங்காலை அழுத்திப் பிடிக்கிறான். கால் நிற்பதாக இல்லை.