பார்க்கும் அனுமதி

அக்கா இறந்ததும் அவள் வேலை எனக்குக் கிடைத்தது. அலுவலக சர்வரில் யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்று அனுமதி கொடுப்பதும் எடுப்பதும்தான் வேலை. முதல் நாளே அவள் கணக்கை நீக்கினேன். மறுநாள் அது ஓர் அனுமதி குறைந்து திரும்பியிருந்தது. நீக்க நீக்க அப்படியே வந்தது. பார்க்கும் அனுமதி மட்டும் மிஞ்சியபோது நிறுத்திக்கொண்டேன். தினமும் அவள் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

“உங்க அக்கா மேல இருந்து வேலை பாக்கறாளா? அதையும் எடுத்துடும்மா,” என்றார் மேலாளர்.

“நாளைக்கு எடுக்கறேன் சார்.”

“இப்பவே.”

எடுத்தேன்.

மாலையில் அம்மா சுவரிலிருந்த அக்காவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, இந்தப் போட்டோல அவ கண்ண மூடிட்டா இருந்தா?” என்று கேட்டாள்.