ஏறி இறங்கும் மேசை

கைப்பிடியைச் சுற்றினார். மேசை ஏறியது.

எதிர்ப்பக்கம் சுற்றினார். இறங்கியது.

மறுபடி ஏற்றினார். கடைக்குள் நுழைந்ததிலிருந்து இதே வேலை. சின்னப் பிள்ளை கையில் புதுக்குடை கிடைத்த மாதிரி.

"போதுங்க. கைப்பிடி கையோட வந்துரப் போகுது" என்றாள் மனைவி.

அவளுக்கும் சிரிப்புதான். மேசை அவளுக்காகத்தான் வாங்குகிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. எரிந்துபோன மோட்டார்களுக்கு இருவரும் அங்கேதான் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார்கள். அங்கிருக்கும் மேசை, கல்யாணமான புதிதில் அவரே பலகை அறைந்து செய்தது. தன் உயரத்துக்குச் செய்தது.

அவள் அவரைவிட ஒரு தலை உயரம்.

இத்தனை காலமும் குனிந்தே வேலை செய்தாள். இப்போது கழுத்து கெட்டுவிட்டது. இனியும் குனிந்தால் கை மரத்துப் போகும், வேலையை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் சரியென்று தலையாட்டினாள். அவருக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. எதிரில் அவள் நிற்காத கொட்டகைக்குள் தனியாகப் போய் என்ன செய்வது?

"ஜோதி, இங்க வா. நேரா நில்லு. குனியாத."

சுற்றினார். மேசை அவள் முழங்கைக்கு வந்து நின்றது.

கையை வைத்துப் பார்த்தாள். தோள் தளர்ந்தது. கழுத்து நிமிர்ந்தபடியே இருந்தது. அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

"இதையே கட்டுங்கம்மா" என்றார் கடைப் பெண்ணிடம்.

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்ணா, நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நின்னு வேலை செய்வீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அட, இது தோன்றவே இல்லையே!

காயில் கட்டுவது நான்கு கை வேலை. அவள் கம்பிச் சுருளை விரித்துப் பிடிக்க வேண்டும். அவர் எதிரே நின்று, மூங்கில் சிம்பால் அதை மோட்டாரின் காடிப் பள்ளங்களுக்குள் தள்ள வேண்டும். மேசை எவ்வளவுதான் ஏறி இறங்கினாலும், ஒரு நேரத்தில் அதற்கு ஒரு உயரம்தான்.

"மாத்தி மாத்தி நிப்போமுங்க" என்றார். பச்சைப் பொய்.

மறுநாள் காலை அவர் கொட்டகைக்குள் வந்தபோது புது மேசை இறங்கியிருந்தது. அவர் உயரத்துக்கு. அவள் பழையபடி குனிந்து நின்றிருந்தாள்.

கைப்பிடியைச் சுற்றி ஏற்றினார். மேசை அவர் நெஞ்சுக்கு வந்தது. மோட்டாருக்குள் பார்க்க எக்க வேண்டியிருந்தது.

அவள் இறக்கினாள்.

அவர் ஏற்றினார்.

"விடுங்க. எனக்குக் குனிஞ்சே பழகிருச்சு. முடியற வரைக்கும் கட்டறேன். அப்பறம் பாத்துக்கலாம்."

ஒரு முக்காலி போட்டு ஏறி நில்லுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது.

கல்யாணத்தன்று போட்டோக்காரர் ஜோடியை மேலும் கீழும் பார்த்தார். சமையல் கட்டுக்கு ஓடினார். அடுப்புச் செங்கல் ஒன்றைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் காலடியில் போட்டு ஏறச் சொன்னார். பட்டு வேட்டி ஓரமெல்லாம் கரி. மச்சினன்மார் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. படத்திலும் செங்கல் பதிந்துவிட்டது. அதனால் இவர் அந்தப் படத்தை முழங்காலோடு வெட்டித்தான் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

அன்றிலிருந்து மனுஷன் எதன் மேலும் ஏறியதில்லை. பல்பு மாட்டுவது அவள். பரணில் கிடப்பதை எடுப்பது அவள். ஆள்தான் குள்ளம், ரோஷம் ஆறடி.

ஊரே கேலி செய்தது போதும் என்று, அவள் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது அவர் கைப்பிடியை விட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாள். மனசு கேட்கவில்லை. என்ன பெரிய கழுத்து, இந்த மனுஷனைவிடவா? மேசையை மறுபடி இறக்கப் போனாள்.

கொல்லையில் ஏதோ சரிந்து விழும் சத்தம். பிறகு குழாய்த் தண்ணீர். பிறகு தேங்காய் நாரால் பரபரவென்று தேய்க்கும் சத்தம்.

இந்நேரத்தில் என்னத்தைத் தேய்க்கிறார்?

வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நெஞ்சோடு அணைத்துக் கொண்டு வந்தவை ஈரச் செங்கற்கள். வெந்நீர் அடுப்பையே பிரித்துவிட்டிருக்கிறார்.

அவளைப் பார்க்காமல் தன் பக்கத்துத் தரையில் அடுக்கினார். ஆட்டிப் பார்த்தார். உயர்ந்தே நின்ற மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி நின்றார்.

எதிரில் அவள் முகம். நேருக்கு நேர்.

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

அவர் மூஞ்சியை உம்மென்றே வைத்திருந்தார்.

"வேட்டியில கரி ஒட்டப் போகுதுங்க."

"அதான் தேச்சுக் கழுவிட்டு வந்தேன்ல. கம்பியப் புடி அம்மிணி."

பிடித்தாள். குனியாமல்.