திங்கட்கிழமை வரை

கல்லூரிச் சாம்பியன் அருள்தாஸ் தொழில்முறை டென்னிஸில் வென்றது ஒரே ஓர் ஆட்டம்தான். எதிராளி கணுக்கால் பிசகி விலகியதில் கிடைத்த ஒற்றைப் புள்ளி, அவனை உலகப் பட்டியலில் 1912ஆவது இடத்தில் உட்காரவைத்தது. பிறகு போன பதினோரு போட்டிகளிலும் முதல் சுற்றோடு திரும்பினான். புள்ளிக்கு ஓராண்டுதான் ஆயுள். அது அழியும் திங்கட்கிழமையன்றே கல்லூரி அவனுக்குப் பாராட்டு விழா வைத்தது.

“ஞாயித்துக்கிழமையே வச்சிருங்களேன் சார். அதுவரைக்கும்தான் லிஸ்ட்ல என் பேரு இருக்கும்.”

“மந்திரிக்குத் திங்கக்கிழமதான் தோதுப்படுது. ஃபிளெக்ஸும் அடிச்சாச்சு. ஒருநாள்ல உலகம் எங்க தம்பி போயிரப்போவுது?” என்றார் முதல்வர்.

மேடையில் அருள்தாஸ் மேசைக்கடியில் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பட்டியலின் கடைசி வரி வரை அவன் பெயர் இல்லை. மந்திரி பொன்னாடை போர்த்தி, “உலகத்தின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாவது வீரர்!” என்று முழங்கினார். முன்வரிசையில் அம்மா எழுந்து நின்று கைதட்டினாள். பட்டியலின் அந்த 1912ஆவது இடத்தில் இன்று காலை முன்பின் தெரியாத யாரோ ஒருவன் வந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சேரவேண்டிய கைதட்டலை அருள்தாஸ் தலைகுனிந்து வாங்கி வைத்துக்கொண்டான்.