மூலையில் ஒரு மன்திக்

விடுதி அறையை நானும் தாடியும் காலி செய்யும் நாள். சாய்ந்த வெயிலில் சுவர் முழுக்க எழுத்துகள் மின்னுகின்றன. தத்துவம் படிக்கும் எங்களுக்கு மூன்று வருடமாக இங்கே ஒரு சட்டம்: வாதத்தில் தோற்றவன் 'தர்க்கம்' என்ற சொல்லைத் தன் தாய்மொழியில் சுவரில் எழுத வேண்டும். பிரெஞ்சு மாணவனின் லோஜீக், ஜெர்மானியனின் லோகிக், ஜப்பானியனின் ரோன்ரி எல்லாம் அவரவர் எழுத்தில் நிற்கின்றன. தமிழில் ஏரணம் மட்டும் பதினேழு. அத்தனையும் என் கையெழுத்து. மூலையில் வலமிருந்து இடமாக, உருதுவில் ஒரே ஒரு மன்திக். தாடியிடம் தோற்று அதை எழுதிய எங்கள் அறைத்தோழன் குள்ளன், "லீவு முடிஞ்சு வந்து உன்னை எழுத வைக்கிறேன்டா" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனான். வரவேயில்லை, போனும் எடுப்பதில்லை. பெயின்டர் அண்ணன் வாளியில் பெயின்டைக் கலக்குகிறார். "அண்ணே, இந்தச் சுவரை மட்டும் விட்டுருங்க" என்று தாடி கெஞ்சுகிறான். "அப்படி என்னப்பா எழுதியிருக்கு?" "எல்லாமே ஒரே வார்த்தைதான்ணே. லாஜிக்." "ஒரே வார்த்தைக்கு எதுக்கு முழுச் சுவரு? ஒண்ணைக் காட்டு, விட்டுடறேன்." தாடியின் விரல் தயங்காமல் மூலைக்குப் போகிறது. "எழுதின ஆளு எங்க?" "வருவான்ணே." அண்ணன் தாடியின் முகத்தைப் பார்க்கிறார். பெயின்ட் உருளையைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்து, மன்திக்கைச் சுற்றி ஓரம் கட்டத் தொடங்குகிறார்.