கையை எடுத்தால்

இடது கை ஒரு குமிழைத் திருகியது. வலது கை வட்டத் தட்டின் மேல் வழுக்கியது. மூக்கு நுனியில் தொங்கிய வியர்வையைத் துடைக்கக்கூட நேரமில்லாதவன் போல டி.ஜே. மின்னல் மேசைமேல் குனிந்து நின்றான்.

கோடை இசைத் திருவிழாவில், ஊர்க் குழுக்களுக்கென்று ஒதுக்கிய மாலை அது. கீழே மைதானம் முழுக்கத் தலைகள், தலைகளுக்கு மேல் கைகள்.

அப்போதுதான் தங்கச்சி கூப்பிட்டாள். ஹெட்போன் கம்பியின் மறுமுனை சட்டைப் பையிலிருந்த போனில் செருகியிருந்ததால், அத்தனை இரைச்சலிலும் அவள் குரல் காதுக்குள் பளிச்சென்று விழுந்தது.

"அண்ணா, சாவி சுத்தவே மாட்டேங்குது. நம்ம டிரம்ஸ்காரன் பூட்டோட மல்லுக்கட்டிட்டு நிக்கிறான். விட்டா சாவியை உள்ளயே உடைச்சிடுவான்."

மதியம் கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் வெளியே கம்பிக்கதவைப் பூட்டிவிட்டு வந்தவன் மின்னல்தான். உள்ளே தங்கச்சி தொண்டைக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தது நினைவிலேயே இல்லை.

மேடை ஏறும் நேரத்தில்தான் விஷயம் தெரிந்தது. இருந்த ஒரே சாவியைத் தங்கச்சி குழுவின் டிரம்ஸ்காரன் கையில் கொடுத்து விரட்டினான். ஆனால் அது பிடிவாதம் பிடித்த பூட்டு. முட்டியால் கதவைத் தூக்கி, சாவியைக் கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்ப வேண்டும். மின்னலின் கைக்கு மட்டும்தான் மசியும்.

"முட்டியால தூக்கச் சொல்லு."

"தூக்கித் தூக்கி அவன் முட்டிதான் வீங்கிப் போச்சு. பூட்டு அசையல."

வீடு மைதானத்துக்குப் பின்தெருவில்தான் இருந்தது. ஓடினால் போய்விடலாம். அவன் மேடையோரம் பார்த்தான். கழுத்தில் அட்டை தொங்க, விழாப் பொறுப்பாளர் நின்றிருந்தார்.

"சார், அடுத்து பாட வேண்டியது என் தங்கச்சி. வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டா. கொஞ்ச நேரம் மேடையை..."

"இங்க பாரு தம்பி, உன் பாட்டு ஓடுற வரைக்கும் மேடை உன்னுது. நின்னுச்சுன்னா உடனே அவங்க ஏறணும். ஏறலைன்னா அதுக்கு அடுத்த குழு. இந்த மேடைக்காகத் தவம் கிடக்கிறவங்க நிறையப் பேரு."

தங்கச்சிக்கு இதுதான் முதல் மேடை. பொறுப்பாளர் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நீ வராதண்ணா," என்றாள். "நீ கையை எடுத்தா பாட்டு நின்னுடும். அப்புறம் என் வாய்ப்பும் போச்சு, உன் பேரும் போச்சு. நீ போடு. நான் நேரலையில உன்னைத்தான் பார்த்துட்டிருக்கேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டே ஆடிட்டிருக்கேன், தெரியுமா? ஜெயில்ல டி.வி. வச்ச மாதிரி இருக்கு."

"கொழுப்பு குறையுதா பாரு."

"டிரம்ஸ்காரன்கிட்ட உன் பெருமைதான் பேசிட்டிருந்தேன். எங்கண்ணன் எதையும் முன்னாடியே யோசிச்சு வைக்க மாட்டான், அந்தந்த நிமிஷம் கையில என்ன வருதோ அதான் பாட்டுன்னு. உன்னைப் பார்த்துதானே எனக்கே பாடணும்னு ஆசை வந்துச்சு."

சிரித்துக்கொண்டே பேசியவள் சட்டென்று மூக்கை உறிஞ்சினாள். "இந்தப் புது ஷூ வேற கடிக்குது. கழட்டவும் மனசு வரல."

அவள் அந்தக் கம்பிக்குப் பின்னால் நின்றாள். அவன் இந்த மேசைக்குப் பின்னால் நின்றான். அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

இறங்கினால் என்ன ஆகும் என்பது அந்த மைதானத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த மேடையிலும் தலை காட்ட முடியாது.

காதுக்குள் அவள் இன்னொரு முறை மூக்கை உறிஞ்சினாள்.

புகை இயந்திரம் ஒரு பெருமூச்சு விட்டது. மேசை, விளக்கு, அவன் எல்லாமே வெள்ளைப் புகைக்குள் மறைந்தன. அவன் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்தான். பின்படியில் குதித்து ஓடினான்.

பின்னால் யாரோ கத்தினார்கள். திரும்பவில்லை. தண்ணீர் பாட்டில் விற்பவரின் வாளியை உதைத்துத் தள்ளி, திட்டு வாங்கி, நெருக்கி நிறுத்திய வண்டிகளுக்கு இடையே உடம்பை ஒடுக்கிப் புகுந்தான். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினான்.

"தள்ளுடா!"

முட்டியால் தூக்கினான். சாவியை இழுத்தான், திருப்பினான். அத்தனை நேரம் முரண்டு பிடித்த பூட்டு, எஜமானைக் கண்டதுபோல் வாயைத் திறந்தது.

தங்கச்சி பாய்ந்து வெளியே வந்தாள். டிரம்ஸ்காரன் நொண்டிக்கொண்டே கீழே ஓடி வண்டியைக் கிளப்பினான்.

"ஓடு, நேரம் இருக்கு, ஏறிடலாம்!" என்றான் அண்ணன், மூச்சு வாங்க.

பாதிப் படி இறங்கியவள் நின்றாள். படிக்கட்டு ஜன்னலின் கண்ணாடி, மைதானத்துத் தாளத்துக்கு இன்னும் கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. கையிலிருந்த போனைப் பார்த்தாள். புகை கலைந்த மேடையில் மேசை மட்டும் நின்றது. கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் மெதுவாகத் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

"அண்ணா... நீ இங்க நிக்கிற. அப்ப அங்க யாரு பாட்டுப் போடுறது?"