பக்கத்து அறைக்காரன்

டெக்லன் சுவரில் காதை வைத்துக் கேட்டான். பக்கத்து அறையில் பாட்டு இல்லை, பேச்சு இல்லை, நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை.

"இவனை இப்படி விட்டுட்டு எப்படிக் கிளம்புறது" என்று முணுமுணுத்தபடி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கட்டிலுக்கு அடியில் அவனுடைய பை கட்டித் தயாராக இருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை; மதிய ரயிலை விட்டால் லீட்ஸ் போய்ச் சேர வேறு வண்டி இல்லை.

லீட்ஸில் பஸ் ஓட்டும் அவன் அப்பா, குடும்பத்திலேயே முதல் ஆளாக மகன் பல்கலைக்கழகம் போயிருக்கிறான் என்று டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மகனுக்கோ இந்தக் கடலோரத்துச் சின்ன ஊரில் கால் தரிக்கவில்லை. வகுப்பில் வாயைத் திறந்தால் அவனுடைய லீட்ஸ் பேச்சுக்கு யாராவது சிரித்தார்கள். முதல் கட்டுரையை ஆசிரியர் திருப்பிக் கொடுத்தபோது அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதமே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். மூன்றாம் ஆண்டு படிக்கும் டாம்சின்தான் விடுதிப் படியில் மறித்தாள். முதலாண்டுப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது அவள் பொறுப்பு.

"போறதுன்னா போ, நான் தடுக்கல. ஆனா உன் பக்கத்து ரூம் வில்ஃப் இருக்கான்ல, அவன் யார்கிட்டயும் பேசுறதில்ல. கிச்சன் பக்கமே வர்றதில்ல. எனக்குப் பயமா இருக்குடா. கொஞ்ச நாள் அவன்கூட இரேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."

பையை மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போனான் டெக்லன். அன்று முதல் அதுவே அவனுக்கு வேலையாகிப் போனது. கதவைத் தட்டி வில்ஃபைச் சமையலறைக்கு இழுத்து வருவான். பாஸ்தாவைக் குழைய வேகவைத்து அவன் முன்னால் வைப்பான். நூலகம், கடற்கரை, பப்பில் நடக்கும் வினாடி வினா என்று எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தான்.

வில்ஃப் எதற்கும் மாட்டேன் என்றதில்லை. கூட்டத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "உன் கட்டுரையைப் படிச்சுக் காட்டேன், கேப்போம்" என்பான். டெக்லனின் அறைக்கு வந்தால் மட்டும் அவன் பார்வை ஒரு நொடி கட்டிலுக்கு அடியில் போய்த் திரும்பும்.

ஆனால் இந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் டெக்லன் பாதிப் பேச்சில் தடுமாறினான். பின்வரிசையில் மறுபடியும் சிரிப்பு. போதும் என்றாகிவிட்டது.

இன்று கடைசியாக ஒரு வேளை வில்ஃபோடு சாப்பிட்டுவிட்டு, பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று போய்க் கதவைத் தட்டினான். தட்டிய கை இறங்குவதற்குள் கதவு திறந்தது. வில்ஃப் கோட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு நின்றான்.

"சிப்ஸ் சாப்பிடலாம், வா" என்றான் வில்ஃப். "நான் வாங்கித் தரேன்."

கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுடச்சுடப் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள் இருந்த காகிதப் பொட்டலத்தைக் காற்று பிடுங்கப் பார்த்தது. டெக்லன் நாலு வாயில் தின்று முடித்துவிட்டு, எழுந்து நடப்பதும் உட்காருவதுமாக இருந்தான். வில்ஃப் ஒவ்வொரு சிப்ஸாக எடுத்து, வினிகரில் தோய்த்து, ஊதி ஊதிக் கடித்தான்.

"சீக்கிரம் சாப்பிடுடா. ஆறிப் போச்சு, இன்னும் என்னத்த ஊதுற?"

"அவசரமா உனக்கு?"

"அவசரம் ஒண்ணும் இல்ல."

இரண்டு சிப்ஸைக் கடற்பறவை ஒன்றுக்கு வீசினான் வில்ஃப். பிறகு அந்தப் பறவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அவன் இவ்வளவு பேசி டெக்லன் கேட்டதே இல்லை. இப்போதுதான் வாய் திறக்கிறான், இவனிடம் போய் ஊருக்குக் கிளம்புவதை எப்படிச் சொல்வது என்று டெக்லன் தயங்கினான்.

சொல்லிவிடலாம் என்று அவன் தொண்டையைச் செருமியபோது, மேட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் ஊதியது. சத்தம் தேய்ந்து மறைந்தது. வில்ஃப் மிச்சமிருந்த சிப்ஸை மளமளவென்று வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு காகிதத்தைக் கசக்கினான்.

டெக்லன் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தான்.

"போச்சு. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? அந்த ரயில்ல நான் கிளம்பறதா இருந்தேன், வில்ஃப். போன மாசமே போயிருப்பேன். நீ தனியாக் கிடந்து தவிக்கிறன்னு டாம்சின் சொன்னா. அதான் இருந்தேன்."

வில்ஃப் அவனை விநோதமாகப் பார்த்தான்.

"நான் தவிக்கிறேனா? ஆட்டுப் பண்ணையில வளர்ந்தவன்டா நான். ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ஒரு புத்தகத்தோட உக்காந்தா, அதைவிடச் சொர்க்கம் எனக்கு வேற கிடையாது. பப்புன்னாலே எனக்குத் தலைவலி வந்துரும். உன் பாஸ்தா அதைவிட மோசம்."

டெக்லனுக்குச் சுருக்கென்றது. "அப்புறம் எதுக்குடா கூப்பிட்டப்பல்லாம் வந்து தொலைச்ச?"

வில்ஃப் விரல்களைக் கோட்டில் துடைத்துக்கொண்டான்.

"உன்னை ஊருக்குப் போக விடாம பாத்துக்கச் சொன்னதே டாம்சின்தான்."